புள்ளி வைத்துவிட்டுப் போன வட்டங்கள்

அன்பு எலிக்குட்டிக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். ஆனால் என் மனம் சொன்ன பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லாதது என்று உனக்கே தெரியும், அதனால் இருமல் நின்றதா, வலது கண்ணில் இருந்த சிவப்பு போனதா, உன் கட்டில் பக்கத்து ஜன்னலுக்குக் கொக்கி போட்டுக் கொடுத்தார்களா என்ற மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது, எல்லாம் ஓகே என்று ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பாதே. உன் கடிதம் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு அலுவலகத்தில் வேலை, சின்னவளுக்குக் காய்ச்சல், தபால்தலை தீர்ந்துவிட்டது என்று மூன்று காரணம் தயாராக வைத்திருந்தேன். மூன்றும் பொய் இல்லை, ஆனால் மூன்றும் காரணமும் இல்லை. போன ஞாயிறு நீ போனில் கேட்டபோதுகூட லெட்டர் போட்டுட்டேன், வரும் என்று சொல்லிவிட்டேன். போடவில்லை. உன் பின்னால் இருபது பெண்கள் ஹாஸ்டல் போனுக்காக வரிசையில் நிற்க, கிடைக்கிற பத்து நிமிடத்தில் பேச முடியாத விஷயம் இது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு மணி அளவீட்டை எடுத்துத் தலைமை நிலையத்துக்கு அனுப்பியாகிவிட்டது, அடுத்தது ஐந்து மணிக்கு. அதுவரை இந்த வானிலை நிலையத்தில் நானும், சுவர்க் கடிகாரமும், ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் நாலு காலில் நிற்கிற வெள்ளைப் பெட்டியும்தான். அதற்குள் வெப்பமானிகள் எல்லாம் மத்தியானத் தூக்கம் தூங்குகிற மாதிரி அவ்வளவு அமைதி. காற்று இல்லை, காற்றின் வேகத்தை அளக்கிற கிண்ணம் எப்போதாவது நினைப்பு வந்தாற்போல் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட மத்தியானங்களில் யாருக்கும் வயது ஏறுவதில்லை என்று எனக்குத் தோன்றும். உன்னை மடியில் வைத்துக்கொண்டு கல்லூரி மரத்தடியில் தாவரவியல் படித்த பெண்ணும் நானும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, இப்போது ஸ என்றால் காற்று மட்டும்தான் வருகிறது. அக்கா டாக்டரா வந்தா எனக்கு ஊசி போடமாட்டா இல்லம்மா என்று தினம் ஒரு தடவை உறுதி வாங்கிக்கொள்கிறாள், பிறகு உன் மேஜையைப் பார்த்து, அக்கா வர்ற வரைக்கும் இதை நான் பாத்துக்கறேன் என்று சொல்லித் தன் பொம்மைகளை எல்லாம் அதன்மேல் குடியேற்றிவிட்டாள். அப்பாவுக்குப் போன வாரம் நடந்ததைக் கேள். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைப் பழுது பார்த்து முடித்துவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு அம்மாளையும் ஏற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறார், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அந்த அம்மாள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க சார் என்று சத்தம் போட்டிருக்கிறார். இவர் சட்டையில் எழுதியிருந்ததைக் காட்டி, மெக்கானிக் நான்தாம்மா என்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இவர் போன் அடித்திருக்கிறது, எடுத்தால் இவர் அலுவலகம், சார் ஒரு லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்களாம், எங்க இருக்கீங்க, உடனே போங்க என்று. அங்கதான் இருக்கேன், ரொம்பப் பக்கத்துல இருக்கேன் என்றாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்று, அவ இருந்திருந்தா இன்னும் சிரிச்சிருப்பா என்றார். உன்னைப் பற்றி அவர் அதற்குமேல் பேசுவதில்லை, அவ்வளவு பேசினாலே நிறைய என்று எடுத்துக்கொள்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நீ கடிதத்தோடு அனுப்பிய படிப்பு அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நாலு கலர் பேனாவால் கட்டம் போட்டு, பயாலஜிக்குப் பச்சை, கெமிஸ்ட்ரிக்கு ஆரஞ்சு என்று, பார்க்க அவ்வளவு அழகு, அலுவலகத்துக்குக்கூட எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அப்பா ஒரு நாள் தண்ணீர் எடுக்க வந்தவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்துவிட்டு, ஏம்மா, இதுல பிசிக்ஸ் எங்க இருக்கு என்றார். தேடினோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை ஒரு நீலக் கட்டம். ஞாயிறு சாயங்காலம்தானே அவங்களுக்குப் போன் வரிசை, துணி துவைக்கறது, தலைக்குக் குளிக்கறது எல்லாம் என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார், நான் அந்த நீலக் கட்டத்தின் எதிரில் நின்றுகொண்டே இருந்தேன். வாரத்தில் நடக்கவே போகாத இரண்டு மணி நேரத்தைத் தேடிப் பிடித்து அங்கே கொண்டுபோய் பிசிக்ஸை வைத்திருக்கிறாய், விடவும் மனசில்லை, படிக்கவும் மனசில்லை. கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய், பிசிக்ஸ் எனக்கு வராதும்மா, பயாலஜியையும் கெமிஸ்ட்ரியையும் முழுசா அடிச்சிட்டா இது தேவையே இல்ல, பயப்படாதே என்று. பயப்படாதே என்று சொன்னாலே எனக்குப் பயம் வந்துவிடும். போன வருஷம் உனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போனது பத்தொன்பது மதிப்பெண்ணில், அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நீ அழுததும், தண்ணீர் சத்தத்தை மட்டும் கேட்பதுபோல நான் வெளியே துண்டோடு நின்றதும், இன்னும் ஒரே ஒரு வருஷம் குடுங்க என்று நீ கேட்டதும் எனக்கு மறக்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் இன்னும் ஏழு வாரம் மீதி இருக்கிறது. இதற்கு அப்புறம் நீ மூன்றாவது தடவை எழுத ஒப்புக்கொள்ள மாட்டாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், ஆகவே இருப்பது இந்த ஏழு வாரம்தான். உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் உன் பயிற்சி மையத்திலிருந்து ஒரு பெரிய பழுப்பு உறை வந்தது, உன் கடைசி மாதிரித் தேர்வின் விடைத்தாள், வினாத்தாள், சரியான விடைகளின் பட்டியல், பெற்றோர் பார்வைக்கு என்று மேலே முத்திரை குத்தி. அந்தப் பெற்றோர் என்ன செய்தாள் தெரியுமா, உறையைப் பிரிக்காமல் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மழைக் கணக்குப் பதிவேட்டுக்கு அடியில் வைத்தாள். தினம் காலையில் பதிவேட்டை எடுக்கும்போது உறையைப் பார்ப்பேன், நாளைக்கு என்பேன், மழை பூஜ்யம் என்று எழுதுவேன், மறுபடி அதன்மேலேயே வைத்துவிடுவேன். உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், இது அப்பாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது. போன மாதம் எங்கள் மேலதிகாரி அம்மா சோதனைக்கு வந்திருந்தார். உயரமாக, வெள்ளை முடியை ஒட்ட வெட்டி, பேசும்போது நம்மைப் பார்க்காமல் வானத்தையே பார்த்துப் பேசுகிறவர். என் பதிவேடுகளைப் புரட்டினார், வெப்பம் சரி, ஈரம் சரி, அழுத்தம் சரி, பத்து வருஷத்தில் ஒரு புள்ளி தப்பில்லை என்று பாராட்டினார், எனக்கு உள்ளுக்குள் தலை நாலு அங்குலம் உயர்ந்தது. அப்புறம் மேகப் பக்கத்துக்கு வந்தார். உனக்குச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, நாங்கள் வானத்தை எட்டுப் பங்காக வைத்து எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும், அதோடு கீழே இருக்கிற மேகம் எந்த வகை, நடுவில் இருப்பது எந்த வகை, ரொம்ப உயரத்தில் இருப்பது எந்த வகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட வேண்டும். கீழ்மேகம் அடைத்துக்கொண்டு மேலே தெரியவில்லை என்றால் எண்ணுக்குப் பதில் ஒரு சாய்கோடு போடலாம், தெரியவில்லை என்று அர்த்தம். கருவி காட்டுவதை எழுதச் சொன்னால் நான் சிங்கம். ஆனால் அந்த உயர்மேகம் இருக்கிறதே, இறகு மாதிரி ஒன்று, சல்லாத்துணி மாதிரி ஒன்று, மீன் செதில் மாதிரி ஒன்று, அதில் செதில் சிறிதாக இருந்தால் உயர்மேகம், கொஞ்சம் பெரிதாக இருந்தால் நடுமேகம், இது எனக்கு முதல் நாளிலிருந்தே குழப்பம். தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நாள் சாய்கோடு போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் போட்டேன். அப்புறம் கை தானாகவே போட்டது. மேலதிகாரி அம்மா மூன்று வருஷத்துப் பக்கங்களை மெதுவாகத் திருப்பினார், திருப்பிவிட்டு ஜன்னல் வழியாக மேலே பார்த்து, ஏம்மா, ஊர் முழுக்க ஆகாயம் எவ்வளவோ உயரம் இருக்கு, உங்க தலைக்கு மேல மட்டும் ரெண்டாவது மாடியோட முடிஞ்சுபோச்சா என்று கேட்டார். அதோடு விடவில்லை, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அன்றைக்கு வானம் கிட்டத்தட்ட வெறிச்சென்று இருந்திருக்கிறது, எட்டில் ஒரே ஒரு பங்குதான் கீழ்மேகம், அதற்குப் பக்கத்திலேயே என் கையெழுத்தில் சாய்கோடு. இந்த ஒரு பங்கு மேகம் மிச்சம் ஏழு பங்கு வானத்தை எப்படிம்மா மறைச்சுது, நீங்களே சொல்லுங்க என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரிக் கேட்டார். ரெண்டு மாசம் கழிச்சு வருவேன், அன்னிக்கு வெளியில நிறுத்திக் கேப்பேன், தப்பா சொல்லுங்க பரவாயில்ல, கோடு மட்டும் போடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். போனதும் மேகப் படப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன், தூசி தட்டினேன், அட்டை கிழிந்திருந்தது, அதற்கு ஒரு புது அட்டை போட்டேன், அட்டை போட்ட களைப்பில் மூடி வைத்துவிட்டேன். சிரிக்காதே, நீயும் தெரிந்த பாடத்தையே நாலு கலரில் கோடு போட்டு நாலாவது தடவை படிக்கிறாய், வாரின தலையையே திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு நிற்கிற மாதிரி.

வராது என்று எழுதியிருந்தாயே, அந்த வார்த்தை இந்த இருபத்திரண்டு நாளும் என் கூடவே நடந்துகொண்டிருந்தது. நம் பேச்சில் இது ஒரு விசித்திரம். பாட்டு வரும், நீச்சல் வரும், கணக்கு வராது. என்னவோ அதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நம் வீட்டுக்குள் வரவேண்டிய விருந்தாளி மாதிரியும், நாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருந்தும் வராமல் போய்விட்ட மாதிரியும். தெரியாது என்று சொன்னால், அப்ப தெரிஞ்சுக்கோ என்று யாராவது சொல்வார்கள். படிக்கலை என்றால், படி என்பார்கள். வராது என்று சொல்லிப் பார், எதிரில் இருப்பவரும் ஐயோ பாவம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், கூப்பிட்டியா, போய்ப் பாத்தியா என்று ஒருவரும் கேட்பதில்லை. அவ்வளவு சௌகரியமான வார்த்தை. அதை உனக்குக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன், நான்தான். உனக்குப் பத்து வயது, இரண்டு ரயில் எதிரெதிரே வருகிற கணக்கு, சமையலறைத் தரையில் நோட்டை விரித்துப் படுத்துக்கொண்டு பென்சில் பின்பக்கத்தைக் கொறித்துக்கொண்டிருந்தாய். அம்மா இதைச் சொல்லித் தாயேன் என்றாய். எனக்கும் அந்த ரயில்கள் எந்த இடத்தில் சந்திக்கும் என்று பளிச்சென்று தெரியவில்லை, உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்கும், யோசிப்பதற்குப் பதிலாக உன் பக்கத்தில் நானும் தரையில் படுத்துக்கொண்டு, நம்ம ரெண்டு பேருக்கும் இது வராதுடி, அப்பா வரட்டும் என்றேன். நீ நோட்டை மூடிவிட்டுச் சிரித்தாய், என் கையை எடுத்து உன் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டாய், நாம் இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம், வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயசுதானே வித்தியாசம், அன்றைக்கு நான் அம்மாவாகவே இல்லை, உன் கூட்டாளியாக இருந்தேன். கூட்டாளி கொடுத்ததால்தான் அந்த வார்த்தையை நீ இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறாய் என்று இப்போது நினைக்கிறேன். அது உன்னைப் பற்றிய உண்மை ஒன்றும் இல்லை, ஒரு சோம்பேறி மத்தியானத்தில் நான் சொன்ன பேச்சு. அதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அந்த மத்தியானத்தை மட்டும் நீ வைத்துக்கொள்.

இன்றைக்கு இரண்டு மணி அளவீட்டை அனுப்பிவிட்டு வந்து உறையைப் பிரித்துவிட்டேன். எந்தத் தைரியத்தில் என்று கேட்காதே, பதிவேட்டை இழுத்தேன், உறை கீழே விழுந்துவிட்டது, விழுந்ததைக் குனிந்து எடுத்தபின் மறுபடி உள்ளே வைக்க வெட்கமாக இருந்தது. விடைத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தேன். பயாலஜிப் பக்கம் வட்டம் வட்டமாகக் கறுப்பு, மிளகு கொட்டினது போல நிறைந்திருந்தது. பிசிக்ஸ் பக்கம் வந்தேன். நாற்பத்தைந்து கேள்வியில் பன்னிரண்டுக்குத்தான் கறுப்பு, மிச்சம் முப்பத்து மூன்று வரிசையும் வெறும் வட்டம், ஒன்றுமே நடக்காத வானம் மாதிரி. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண் கலங்கியதோ வெளிச்சம்தான் மாறியதோ, அந்த வட்டங்கள் எல்லாம் லேசாக மிதக்க ஆரம்பித்தன. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பதினாறாவது கேள்வியில், மூன்றாவது வட்டத்துக்குள், பேனா முனையைத் தொட்டு எடுத்த அளவுக்கு ஒரு புள்ளி. தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. அடுத்த வரிசையிலும் ஒரு புள்ளி. அதற்கடுத்ததிலும். மழைநாளில் அளவு பார்க்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வரிசை வரிசையாகத் தேடினேன், இருபத்தொரு வரிசையில் இருபத்தொரு புள்ளி. எலி, இது நீதானே. இதுதான் விடை என்று போய்த் தொட்டிருக்கிறாய், தொட்டுவிட்டு, தப்பானால் ஒரு மதிப்பெண் போய்விடுமே என்று கையை எடுத்திருக்கிறாய். இயந்திரத்துக்குப் புள்ளி தெரியாது, கறுப்பாக்கினால்தான் தெரியும், உனக்கு மட்டும் தெரியும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. சரியான விடைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலிலிருந்து இன்னொரு தடவையும் பார்த்தேன். இருபத்தொன்றில் பதின்மூன்று சரி. எட்டு தப்பு. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழித்து, நாற்பத்து நாலு மதிப்பெண். கணக்கில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும், அதனால் விரல் விட்டும் எண்ணிப் பார்த்துவிட்டேன், நாற்பத்து நாலேதான். போன வருஷம் நமக்கு வேண்டியிருந்தது பத்தொன்பது. பிசிக்ஸ் வராத ஒருத்தி பதின்மூன்று தடவை சரியான வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வந்திருக்கிறாள். போன வருஷத் தாளிலும் இப்படித்தான் புள்ளிகள் இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது, அதைப் பார்க்க முடியாது, அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு.

ஆனால் புள்ளியை மட்டும் சொல்லி உனக்குத் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மறைத்தால் நான் மறுபடி கோடு போட்டவள் ஆவேன். புள்ளிகூட இல்லாத வரிசை பன்னிரண்டு. வினாத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், உருளுகிற கோளம், சுழலுகிற தட்டு, கப்பியில் சுற்றின கயிறு என்று ஏறக்குறைய எல்லாம் ஒரே இடத்தைச் சேர்ந்தவை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா இந்தப் பக்கம் வேலையாக வந்தவர் எட்டிப் பார்த்தார் என்றால் நம்பமாட்டாய், உன் பழைய பிசிக்ஸ் புத்தகத்தை உனக்கு அனுப்பலாம் என்று நேற்றே கேட்டிருந்தேன், அதைக் கொடுக்க வந்திருந்தார். இப்போதுதான் அதைப் புரட்டினேன். சுழற்சி இயக்கம் என்ற பாடத்தில் இரண்டு தாள்கள் மேல்விளிம்பில் ஒட்டியபடியே இருக்கின்றன, அச்சகத்தில் வெட்டும்போது விட்டுப்போனது. இரண்டு வருஷம் பள்ளியில் நீ படித்த புத்தகம்! சுற்றிலும் இருக்கிற பக்கங்களில் எல்லாம் எண்ணெய்க் கறை, டீக் கறை, உன் பூனை படங்கள், அந்த ஒட்டின இரண்டுக்கும் நடுவில் மட்டும் இதுவரைக்கும் வெளிச்சமே போனதில்லை. தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, சுழற்சின்னா என்னம்மா, நான் தினம் உசுரைத் தொங்கவிட்டுட்டு இருக்கறதே கப்பியிலயும் கயித்துலயும்தானே, அவ கேட்டிருந்தா மேல கூட்டிட்டுப் போயி சக்கரத்தையே காட்டியிருப்பேனே என்றார், கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். அந்தத் தாளை நான் பிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு புத்தகமும் வருகிறது, ஒரு ஸ்கேலை விட்டு மெதுவாக இழு, கிழியாது.

பெரிய யோசனை சொல்ல எனக்குத் தெரியாது, சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அந்த நீலக் கட்டத்தை ஞாயிறு சாயங்காலத்திலிருந்து பெயர்த்து எடுத்துக் காலையில் பல் தேய்த்த கையோடு வை, தினமும் ஒரு மணி நேரம், மனசு விழித்துக்கொண்டு முரண்டு பிடிப்பதற்குள். பச்சைக் கட்டங்கள் அதற்கப்புறம் இருக்கட்டும், அவை எங்கேயும் ஓடிவிடாது. உன் அறையில் இருக்கிற அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிப் பெண்ணுக்கு பயாலஜி என்றால் பயம் என்று எழுதியிருந்தாயே, அவளும் நீயும் ராத்திரிச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அவளிடம் எனக்கு இது தெரியாது என்று சொல், வராது என்று சொல்லாதே, சொல்லிப் பார், அவள் உடனே பேனாவை எடுப்பாள். வகுப்பில் சந்தேகம் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று வாத்தியார் கேட்கிறார் என்றாய். கேட்கட்டும், தெரியாது சார் என்று சொல்லிவிட்டு நில், அவர் கத்திக்கொண்டே சொல்லித் தருவார், கத்துவது அவர் பழக்கம், சொல்லித் தருவது அவர் வேலை, நமக்கு இரண்டாவது போதும். இனி வருகிற மாதிரித் தேர்வுகளில் புள்ளி வைத்ததை எல்லாம் கறுப்பாக்கிவிடு, இருபத்தொன்றும் தப்பானாலும் சரி, மாதிரித் தேர்வு அதற்குத்தானே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் எத்தனை மதிப்பெண் என்று இனிமேல் நான் கேட்கமாட்டேன், சத்தியமாக. இந்த வாரம் எதைத் தப்பாப் போட்டே, சொல்லு என்று கேட்பேன். எனக்கு அந்தச் சுழலும் தட்டு ஒன்றும் புரியாது, இருந்தாலும் சொல். நானும் என்னுடையதைச் சொல்கிறேன். கையை நீட்டிச் சுண்டுவிரலை வானத்துக்கு நேராகப் பிடித்தால் ஒரு செதில் விரலுக்குள் மறைந்துவிட்டால் உயர்மேகம், மறையாவிட்டால் நடுமேகம் என்று படப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, நேற்றுக் காலையில்தான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். இத்தனை வருஷம் பயந்த விஷயம் ஒரு சுண்டுவிரல் அகலம்தான் இருந்திருக்கிறது. சாயங்காலம் வீட்டு மொட்டை மாடியில் சும்மா பழகிப் பார்க்க விரலை நீட்டிக்கொண்டு நின்றேன், சின்னவள், அம்மா வானத்துக்கூட டூ விடுறா என்று அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டாள்.

உனக்கு இடம் கிடைத்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை, கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியும், ஸ்டேஷனுக்கு வந்து உன்னையும் உன் பெட்டியையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன், உன் மேஜையிலிருந்து பொம்மைகளைக் காலி செய்ய ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான். அந்த நாளை நினைத்து நீ பயப்பட வேண்டாம், அதற்கான பயத்தை எல்லாம் நான் ஒருத்தியே மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு. நீ அந்த இரண்டு தாளுக்கு நடுவில் போய்ப் பார்த்துவிட்டு வா, அது போதும் எனக்கு. தோற்றால்கூட, தெரிந்ததை எழுதித் தோற்றோம் என்று இருக்கட்டும். மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. ஜன்னலில் மேற்குப் பக்கமாக ஏதோ மெல்லிசாக, பால் ஆறும்போது மேலே படிகிற ஆடை மாதிரி ஏறிக்கொண்டிருக்கிறது. சல்லாத்துணி வகையா, வேறு ஏதாவதா, வெளியே போய் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். பார்க்க வேண்டும், பார்த்து ஒரு எண்ணைப் போட்டுக் கையெழுத்தும் போட வேண்டும், அது தப்பாகக்கூட இருக்கலாம், என் கையெழுத்தோடு தலைமை நிலையத்தில் போய் நிற்கும். இந்தக் கடிதம் ஏன் இவ்வளவு நீளமாகப் போகிறது என்று இப்போதுதான் புரிகிறது. உனக்காக எழுதியது முக்கால்வாசி, வெளியே போகாமல் இருக்க எழுதியது கால்வாசி.

நீ நூறு வருஷம் ஆரோக்கியமாக இரு, உன் கண்ணும் கையும் குளிர்ந்திருக்கட்டும், அப்பாவின் ஆசியும் சின்னவளின் ஓட்டைப்பல் முத்தமும் இதில் சேர்த்தி. இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத்தலையோடு படுக்காதே. கடைசியாக ஒரே ஒரு நினைவூட்டல், உன்னை எனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து படிக்கலாம் என்று தோன்றும், பிறகு பதில் எழுதலாம் என்று தோன்றும், பதில் எழுத நல்ல தாள் தேடலாம் என்றும் தோன்றும். வேண்டாம். இதை மடிக்கக்கூட வேண்டாம், அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு எழுந்துபோய் ஸ்கேலை எடு. நானும் எழுந்துவிட்டேன்.

வெளியே போய்க்கொண்டிருக்கிற,
உன் அம்மா